ஒரே அழைப்பில் அறுபத்தொரு ஓகே

துணி துவைக்கும் மெஷின் பழுதானால் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ. வீடே நனைந்து கிடக்கும், துடைப்பத்தை எடுக்க மாட்டார்கள், நுரைக்கு நடுவே நின்றுகொண்டு முதல் வேலையாகப் போனை எடுப்பார்கள். அந்தப் போன்களுக்குப் பதில் சொல்லவென்றே ஒரு நீளமான ஹாலும் அதில் நாற்பது நாற்காலிகளும் இருந்தன. ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்றாவது நாற்காலியில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தாள் அவள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஹாலில் எல்லோருக்கும் அவள் ஓகே அக்கா.

பேர் சும்மா வந்துவிடவில்லை. தலைவலி, நான் கிளம்பட்டுமா, எனக்கு வர்ற போனையும் சேர்த்து எடுத்துக்கறீங்களா என்று பக்கத்து நாற்காலி கேட்டால், ஓகே. ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொள்கிறீர்களா என்றால், ஓகே. நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ஓகே சொன்னதில் கடைசியாக எந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை டீம் லீடர் நாற்காலி காலியாகி, இரண்டு தடவையும் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குப் போனது. அடுத்த தடவை பார்த்துக்கலாம், உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே என்று அப்போதைய மேலதிகாரி கேட்டார். அதற்கும் அவள் ஓகே சார் என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதது யாருக்கும் தெரியாது.

இப்போது மூன்றாவது தடவையாக அந்த நாற்காலி காலி. லீடருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ரொம்பவும் முற்றிப்போன சண்டையைத் தவிர வேறு போன் எடுக்க வேண்டியதில்லை. வரிசையின் தலைமாட்டில், முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி வேறு. அவளுக்கு அது வேண்டும். வாய் விட்டுச் சொன்னதில்லையே தவிர, வேண்டும் என்றால் வேண்டும்தான்.

குறுக்கே வந்து நின்றவர் க்வாலிட்டி சார். மூன்று மாதம் முன்புதான் வந்தவர். போனில் பேசுவதையெல்லாம் கேட்டு மார்க் போடுவது அவர் உத்தியோகம். அவர் தன்னோடு ஒரு சாஃப்ட்வேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எந்த அழைப்பில் எந்த வார்த்தை எத்தனை தரம் வந்தது என்று அது எண்ணிக் கொடுக்கும். வியாழக்கிழமை மீட்டிங்கில் பெரிய திரையில் ஒரு அழைப்பைப் போட்டுக் காட்டினார். நேரம் பதினேழு நிமிஷம், ஓகே அறுபத்தொன்று. குரல் யாருடையது என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஹால் குலுங்கிச் சிரித்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

இனிமேல் அந்தச் சொல் கூடாது, முழு வாக்கியமாகப் பேச வேண்டும் என்றார் சார். அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்குப் பத்து அழைப்பு, ஒரு ஓகேவுக்கு ஒரு மார்க் குறையும், மார்க் அதிகம் வாங்குபவர்தான் லீடர். இப்போதைக்கு முதலிடத்தில் பேப்பர்வெயிட் இருக்கிறார் என்றும் சொன்னார். எதிர் வரிசையில் எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு ஹால் வைத்த பெயர் அது. அவர் கணக்கில் மூன்று மாதமாக ஒரு ஓகேகூட இல்லை.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடி அறையில் உட்கார வைத்து, அந்தப் பதினேழு நிமிஷத்தையும் மறுபடி ஓட்டினார். ஒவ்வொரு ஓகேவுக்கும் எதிரே அதன் பொருளையும், அதற்குப் பதில் என்ன சொல்லியிருக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். படிவம்கூட அடித்து வைத்திருந்தார். அன்றைக்குப் பேசியவர், மெஷின் துவைக்கும்போது நடந்து கதவு வரைக்கும் போய்விடுகிறது என்று புகார் சொன்ன ஒரு பெரியவர்.

முதல் ஓகேவில் சிக்கல் ஒன்றும் இல்லை. சொல்லுங்க, கேக்கறேன் என்பது அதன் பொருள். இரண்டாவது, இதைத்தானே இப்போ சொன்னீங்க. ஒன்பதாவது, நான் மெஷினைத் தொட்டதே கிடையாது என்று பெரியவர் சாதித்த இடத்தில் வந்தது. அதற்கு, நீங்க புளுகறது தெரியுது, தெரியாத மாதிரி இருந்துக்கறேன் என்று அர்த்தம். இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்று சார் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பெரியவர் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்க்கப் போன இரண்டு நிமிஷம் முழுக்க அவள் மெல்ல, இழுத்து இழுத்து ஏழு ஓகே சொல்லியிருந்தாள். அங்கே யாருமே பேசவில்லையே, எதற்கு ஓகே என்று கேட்டார். பெரியவருக்கு முட்டி வலி, குனிஞ்சு நிமிரும்போது போன்ல ஆள் இருக்குன்னு தெரியணும் சார் என்றாள். வாங்காதேன்னு என் பெண்டாட்டி அப்பவே சொன்னா என்று அவர் குமுறிய இடத்தில் விழுந்த ஓகே, ஐயோ பாவம். முப்பதாவது அவள் தனக்குத்தானே சொன்னது, ஏதோ தப்பான பட்டனை அழுத்திவிட்டாளாம்.

நாற்பதுக்கு அப்புறம் ஒரே மூச்சில் நாலு வந்தன. இது சம்மதமா மறுப்பா என்றார் சார். "ரெண்டும் இல்ல சார். அவரு கத்திக்கிட்டே இருந்தாரு. நடுவுல மூச்சு வாங்கட்டும்னு விட்டது."

சார் எல்லாவற்றுக்கும் எதிரே 'ஒப்புதல்' என்று எழுதி முடித்தார். படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது.

வீட்டில் அவள் கணவரிடம் அழாக்குறையாகச் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கோளாறையும் தள்ளி நின்று பார்க்கிற சுபாவம். ஓகே வாய் வரைக்கும் வரும்போது வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று எண்ணு, அதற்குள் வேறு வார்த்தை வந்துவிடும் என்றார். லிஃப்ட் கதவு மூடுவதற்கும் அந்த மூன்று விநாடிதானாம். சரி, இதையும் செய்து பார்ப்போம் என்று அவள் மறுநாளே ஆரம்பித்தாள்.

முதலில் மாட்டிக்கொண்டவள் மாடி வீட்டு நாத்தனார். அவள் மெஷின் கெட்டுப்போய் இரண்டு வருஷம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் இரண்டு கூடைத் துணியோடு இறங்கி வந்து, அண்ணி, போட்டுடறீங்களா என்பாள். அண்ணி ஓகே என்பாள். அந்தச் சனிக்கிழமை அண்ணி வாயை மூடிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. அந்த இடைவெளியில், பதினோரு வருஷமாக ஊரார் மெஷினையெல்லாம் போனிலேயே சரி செய்கிற தனக்கு, தலைக்கு மேலே இருக்கிற மெஷினை ஒரு தடவை போய்ப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று தோன்றியது. "வாங்க, உங்க மெஷினைப் பாத்துடலாம்" என்று அவளே முன்னால் படியேறினாள். சுவிட்சைப் போட்டாள். மெஷின் சமர்த்தாகத் தண்ணீர் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. அதற்கு எந்தக் காலத்திலும் ஒரு கேடும் வந்ததில்லை என்பது தெரிந்தது. நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் இறங்கி வரவில்லை. அந்த ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது என்பதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பக்கத்து நாற்காலி வந்து வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டது. அவள் அதன் முகத்தைப் பார்த்தபடி எண்ணினாள். மூன்றுகூட ஆகவில்லை, பரவால்லக்கா, விடுங்க, நானே பாத்துக்கறேன் என்று அது போயே போய்விட்டது. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மறுப்பு சொல்லவே இல்லை, வெறுமனே பதில் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஓகேவை அவள் சொன்னாளா, இல்லை அதுவே அவளை முந்திக்கொண்டு ஓடிப்போய் நின்றதா என்று அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்து அழைப்பு. அவள் ஒரு ஓகேகூடச் சொல்லவில்லை. எண்ணினாள், முழு வாக்கியமாகப் பேசினாள், தேவையான இடத்தில் பேசாமல் இருந்தாள். ஒரு அம்மாள் மட்டும், இருக்கியாம்மா, போயிட்டியா என்று நாலு தரம் கேட்டாள். பத்து மெஷினும் ஓடின. நாக்கைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் சாயங்காலம் தாடை வலித்தது. ஆனால் மனசுக்குள் அந்தச் சாய்மான நாற்காலியில் ஏற்கனவே உட்கார்ந்து பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை பலகையில் ஒட்டினார்கள். பேப்பர்வெயிட், ஓகே பூஜ்யம். அவள், ஓகே இருபத்திரண்டு.

அவளால் நம்ப முடியவில்லை. நேரே கண்ணாடி அறைக்குப் போய், ஒன்றுகூடச் சொல்லவில்லையே என்றாள். சார் பொறுமையாக ஓட்டிக் காட்டினார். ஓகேம்மா, இப்ப ஓடுது. ஓகே ஓகே, நல்லா இருப்பே. ஓகே, வச்சிடறேன். எல்லாம் போன் செய்தவர்கள் சொன்னது. சாஃப்ட்வேருக்கு எது யார் குரல் என்று தெரியாது, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் எண்ணும் என்று விளக்கினார். அப்படியானால் பேப்பர்வெயிட்டின் பத்து அழைப்பிலும் எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டாள். ஏழு பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள், இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள், ஒருவர் போனைத் தூக்கிப் போட்ட சத்தத்தோடு அழைப்பு முடிந்தது. ஓகே சொல்லும் நிலைமையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் விதி விதிதான் என்றார் சார். அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அன்று மத்தியானம் சார் அவள் நாற்காலிப் பக்கம் வந்தார். புது லீடருக்கு அனுபவம் போதாதாம். ஒரு மாதம் அவருக்குப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும், லீடருக்கு வரும் முற்றிப்போன அழைப்புகளையும் அதுவரை அவளே எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். சொல்லிக்கொண்டே நோட்டில் டிக் அடித்துவிட்டார். அவள் பதிலைக் கேட்க வேண்டும் என்று அந்த ஹாலில் இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

"முடியாது சார்."

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் ஹெட்போனைக் கழற்றினார்கள். சார் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அந்த இருபத்திரண்டு ஓகேவும் என் வேலை சார். வேலை முடிஞ்சுதுன்னு அவங்க வாயால சொன்னது. அதுக்கு மார்க்கை வெட்டினீங்க, வெட்டிக்கோங்க. ஆனா அந்த நாற்காலில அவரை உக்கார வச்சிட்டு, வேலையை மட்டும் என்னைப் பாக்கச் சொல்லாதீங்க."

சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனாலும் வாக்கியம் முழுசாக முடிந்தது. சார் யோசிச்சு சொல்லுங்க என்றார். யோசிச்சுதான் சொன்னேன் என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மாட்டிய பிறகு ஐந்து நிமிஷத்துக்கு எதிரே பேசியவர் என்ன சொன்னார் என்று காதிலேயே ஏறவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், கத்த வேண்டும் போல ஒரு சந்தோஷம் இன்னொரு பக்கம்.

பேப்பர்வெயிட் நாலு நாள் தாக்குப்பிடித்தார். லீடரிடம் பேசணும் என்று அலறுகிறவர்கள் எல்லோரும் இப்போது அவரிடம் வந்தார்கள். அவரும் வழக்கம்போலத் தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது என்று கல் மாதிரி சொன்னார். செவ்வாய்க்கிழமை ஒருத்தர் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார். புதன்கிழமை இன்னொருத்தர் நனைந்த போர்வையோடு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பேப்பர்வெயிட் முதல்முறையாக நாற்காலியை விட்டு அசைந்தார். கண்ணாடி அறைக்குப் போய், எனக்குப் பழைய இடமே போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். வழியில் அவள் அருகே நின்று, எப்படிம்மா பதினோரு வருஷம் என்று கேட்டார். அவர் மேல் அவளுக்கு அதுவரை இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது.

சாயங்காலம் சார் வந்தார். இந்தத் தடவை நோட்டு மூடியே இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எண்ணும் முறையில் ஒரு சிறு குறை இருப்பதை மேலிடம் கவனித்திருப்பதாகச் சுற்றி வளைத்துச் சொன்னார். பிறகு சுற்றாமல் கேட்டார். "லீடரா இருக்கீங்களா?"

ஹாலில் நாற்பது பேருக்கும் பதில் தெரியும் என்று நினைப்பு. பக்கத்து நாற்காலி இனிப்புக்கு ஆள் அனுப்பலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு எண்ணினாள். மூன்றில் நிறுத்தவில்லை, நான்கு, ஐந்து என்று போனாள். சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒருத்தர் தன் பதிலுக்காக இப்படி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதுசாக இருந்தது. அவசரப்பட்டு அதை முடிக்க மனசு வரவில்லை.

"லீடரோ இல்லையோ, ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன்" என்றாள் கடைசியில். "அதை முதல்ல எழுதுங்க சார். மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

சார் நோட்டைத் திறந்து எழுதினார்.