விட்டுப்போன பாட்டில்

பெல்ட்டின் மேல் பாட்டில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஆறு ஆறாகக் குழாய்களுக்குக் கீழே போய் நிற்கும், தரை கழுவும் திரவம் இறங்கும், மறுபடி நகரும். எடைக்காரி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் மூன்றை எடுத்தாள். நாலாவதைப் போகவிட்டாள். அடுத்த இரண்டை எடுத்துக்கொண்டு தராசு மேசைக்குப் போனாள்.

அவள் வேலை அதுதான். மணிக்கொரு தடவை ஐந்து பாட்டிலை எடைபோட்டு, சராசரி கண்டுபிடித்து, சுவரில் தொங்கும் தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தாளின் நடுவில் பச்சைக் கோடு, மேலேயும் கீழேயும் சிவப்புக் கோடுகள். புள்ளி சிவப்பைத் தாண்டினால் யாரையும் கேட்க வேண்டாம், மெஷினை நிறுத்தலாம் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆரம்பத்தில் அவள் ஒரு தடவை நிறுத்தியும் பார்த்தாள். நாலாவது குழாயில் நிரம்பிய பாட்டில் எடை ரொம்பக் குறைவாக இருந்தது. புள்ளி கீழ்ச் சிவப்புக்கு அடியில் போய் விழுந்தது. பெல்ட் நின்ற சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"புள்ளி வெளிய போயிருச்சு சார்."

"போனா? இன்னொரு அஞ்சு எடுத்துப் போடு. நல்லதா வர்ற வரைக்கும் போடு. சாயங்காலம் லோடு போகலேன்னா, உன் புள்ளியை வச்சு நான் நாக்கு வழிக்கவா?"

அன்றைக்கு எண்ணிக்கை குறைந்து, பேக்கிங் பெண்களுக்கு ஊக்கத்தொகை போயிற்று. "மகாராணி கை வச்சா மெஷினே நின்னுருது, பாத்தியா?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை.

அதற்கப்புறம் அவள் நாலாவது பாட்டிலைத் தொடவே இல்லை. ஆறு குழாய், எடுக்க வேண்டியது ஐந்து பாட்டில். ஒன்றை விட்டால் ஆயிற்று. புள்ளிகள் பச்சைக் கோட்டை ஒட்டிச் சமர்த்தாக நடந்தன. "கை தேறிருச்சே!" என்றார் சூப்பர்வைசர். அவளுக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்னால் நினைக்கும்போது அந்தச் சந்தோஷம்தான் அவளை அதிகமாகக் கூச வைத்தது.

மெஷினை ஓட்டியவர் அவளுடைய அக்கா புருஷன். சொல்லிக்கில்லி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அக்கா வீட்டில்தான் அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் சோறு. அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வருவாள்.

"நாலாவது ஒழுகுது. உள்ள ரப்பர் வாஷர் தேஞ்சு போயிருச்சுன்னு நினைக்கிறேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. உன் தாள்ல தெரியுதா?" என்று ஒரு நாள் வண்டியில் கேட்டார்.

"எல்லாம் உள்ளதான் இருக்கு மாமா" என்றாள், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு.

கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. எல்லாம் அளவு குறைந்த பாட்டில்கள். மேனேஜர் அறைக்கு அவளையும் மாமாவையும் சூப்பர்வைசரையும் கூப்பிட்டார்கள். மேசை மேல் அவளுடைய தாள்கள் விரித்துக் கிடந்தன.

"நாலாவது குழாய் ஒழுகுதுன்னு அப்பவே சொன்னேன் சார்" என்றார் மாமா.

மேனேஜர் தாளை விரலால் தட்டினார். "ஒழுகினா புள்ளி இறங்கணும்ல? எங்க இறங்கியிருக்கு, காட்டு. மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு. எடை போடாத நேரத்துல நீ அளவுத் திருகுல கை வச்சிருக்க."

"சத்தியமா இல்ல சார்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "இது நீ போட்டதுதானே? எடை போட்டுத்தானே போட்ட?"

சூப்பர்வைசர் ஃபேனைப் பார்த்தார். மாமா அவளைப் பார்த்தார். சந்தேகமாக அல்ல, இவள் சொன்னால் சரியாகிவிடும் என்பதுபோல. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த நிமிஷம் தானும் வெளியே நிற்க வேண்டும்.

"ஆமா சார்" என்றாள்.

மாமாவை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது கயிறு அவர் காதில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை மெக்கானிக் நாலாவது குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து வாஷரைச் சுரண்டி எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் பாதியே இல்லை.

"அடப்பாவிங்களா, இதை வச்சுக்கிட்டா ஓட்டினீங்க?"

"பேசாம புதுசை மாட்டுங்க" என்றார் சூப்பர்வைசர். மெக்கானிக் பழசைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அன்றைக்கு அவள் நாலாவது பாட்டிலையும் எடுத்து எடை போட்டாள். எடை சரியாக இருந்தது. மத்தியானம் மேனேஜர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, "ஆளை மாத்தினதும் புகாரும் நின்னுரும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். மானம் போயிற்று என்பார்களே, அவளுடையது தெரிய வேண்டிய ஒருத்தருக்கும் தெரியாமலே போயிருந்தது.

சாயங்காலம் அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் மாமாவிடம் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு வந்தாள். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன் மாமாவைக் கொஞ்சம் என்னன்னு கேளுடி. காலையிலேருந்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி பண்றாரு."

சமையலறைத் தரையில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே காலி பாட்டில்கள், ஒரு வாளித் தண்ணீர், ஒரு புனல். ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"வாம்மா. ஒழுகுறதை ரெண்டு கண்ணாலயும் பாத்த மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. ஆனா எடை போட்டது நீ. நீ தப்பாப் போட மாட்ட. அப்ப என் கண்ணுலதானே கோளாறு?" அவர் சிரிக்கப் பார்த்தார். "வேற எடத்துல வேலை கேக்கப் போகணும்ல, அதான் கண்ணைப் பழக்கிப் பாக்குறேன். இங்க வா, எது குறையுது சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். எல்லா பாட்டிலிலும் தண்ணீர் நூல் பிடித்ததுபோல ஒரே மட்டத்தில் நின்றது. வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"ஒண்ணும் குறையல மாமா."

"எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லாத" என்றார் அவர். ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு அதை வாளியில் கவிழ்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நிரப்பத் தொடங்கினார்.