பச்சைச் சட்டைக்காரருக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை என் மருமகளின் கைப்பேசியில் பிறந்தது. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இல்லை. ஆனாலும் பொய்யில் கதையைத் தொடங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. (எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை கதையே எழுதியதில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சங்ககிரிக் கோட்டை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த காலையில், லாரிப் பட்டறையின்...'

நிறுத்திவிட்டேன். கோட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2

ஷாலினி என் இளைய மகனின் மனைவி. பழைய படங்களிலிருந்து துண்டுக் காட்சிகளை வெட்டி, வகை பிரித்து, இணையத்தில் வைக்கிறாள். ரசிகர்கள் அவற்றை எடுத்துப் பாட்டுச் சேர்த்துத் தங்கள் நாயகனுக்கு வீடியோ செய்கிறார்கள். மழைக்கு ஒரு தொகுப்பு, மீசை முறுக்குவதற்கு ஒன்று. "உங்க மீசைக்கே தனித் தொகுப்பு போடலாமுங்க" என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அடியாட்களுக்கும் ஒரு தொகுப்பு உண்டு. நாயகன் அடிக்க ஆள் வேண்டுமே. அதில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவனிடம் அவள் கை நின்றது.

"மாமா, உங்க பையன் கோவிச்சுக்கிட்டா இப்படித்தானுங்க மூக்கு விடைக்கும். யாருங்க இவரு?"

என் தம்பி பெ. (        ).

அச்சுப்பிழை அல்ல. எங்கள் முதல் லாரியின் நெற்றியில் எங்கள் இருவர் பெயரும் இருந்தன: பெ. கந்தவேல், பெ. (        ). அவன் சென்னையில் சினிமாச் சண்டைகளில் கூலிக்கு அடி வாங்குகிறான் என்று தெரிந்ததும், அப்பா பெரியசாமி பெயிண்டரை வரவழைத்து இரண்டாவது பெயரை அழித்தார். ஊரில் எங்கள் மேல் எவனும் கை வைத்ததில்லை. அப்பா செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். தம்பி ஊர் திரும்பாமலே செத்துப்போனான்.

3

அவனுக்கென்று தனித் தொகுப்பு போடப் பெயர் கேட்டாள் ஷாலினி. பெயரில்லாமல் போனால் 'பச்சைச் சட்டை அடியாள்' என்றே நிலைத்துவிடுமாம்.

"அடி வாங்கறவனுக்கு நம்ம பேரு எதுக்கு சாமி?" என்றேன்.

(இங்கே அவளை வாதாடவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவள் வாதாடவில்லை. கைப்பேசியை என் முன் வைத்தாள்.)

தொகுப்பில் அவன் மட்டும் தெரியும் காட்சிகளே இருந்தன. நாயகன் இல்லை, அடித்த கையும் இல்லை. மூட்டைகள் மேல் விழுந்தான். படியில் உருண்டான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு துண்டும் விழுவதில் முடிந்தது.

"எந்திரிக்கறது ஒண்ணுகூடவா இல்ல?"

"அதெல்லாம் படத்துல காட்ட மாட்டாங்க மாமா. ஆனா அடுத்த துண்டுல நிக்கறாருங்களே."

பார்த்தேன். வேறு சட்டையில் நின்றிருந்தான். மூக்கு விடைத்திருந்தது.

4

முடிவு ஒன்று: நான் பெயரைச் சொல்கிறேன், ஷாலினி கண் கலங்குகிறாள். (அவள் கலங்குகிறவள் அல்ல. நீக்கம்.)

முடிவு இரண்டு: மறுத்துவிட்டு எழுந்து போகிறேன். என் குணத்துக்கு இதுதான் பொருந்தும். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி போடச் சொன்னேன்.

"பேரைப் போடறதோ வேண்டாமோ, நீங்களே அடிச்சு வையுங்க மாமா. அடுப்பைப் பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் முதலெழுத்தைக் கைப்பேசியில் அடித்துப் புள்ளியும் வைத்துவிட்டேன்: பெ.

மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் எழுத முடியாது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.