ஆட்டம் போதாத வண்டி

அம்மா போன நான்காவது மாதம் அப்பாவின் பழைய காரும் போனது. என்ஜினில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். இரண்டுக்கும் நான் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடந்தேன்.

அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மனிதரோ, "என் வண்டியிலதான் வருவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு முறை தவறிவிட்டது. அடுத்ததும் தவறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக்குக்குக் கழுத்து வரை முடி, பட்டப்பெயர் மொட்டை. அவரும் நானும் மூன்று பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். "இந்த என்ஜின் இனிமே கனவுலதான்க்கா கிடைக்கும்" என்றார். கடைசியில் பின்பக்கம் நசுங்கிய ஒரு வேனின் என்ஜினை எடுத்தோம். கியர்பாக்ஸின் துளைகளோடு அது ஒத்துவரவில்லை. லேத் பட்டறையில் விரல் கனத்துக்கு ஒரு தகடு கடைந்து நடுவில் வைத்தார். அடியில் இடித்த எண்ணெய்த் தொட்டியை வெட்டி ஒட்டினார். என்ஜின் உட்காரும் இடத்தில் புது ரப்பர் போட்டார். என்ஜினை ஓடவிட்டு பானெட்டின் மேல் வைத்த தண்ணீர் டம்ளர் அசையவே இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

அப்பா ஏறினார், என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டார், இறங்கிவிட்டார்.

"இது என் வண்டி இல்ல. என் வண்டி ஆடும்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. மொட்டையிடம், "ஆட வைங்க" என்றேன்.

"ஆட்டத்தை நிறுத்தத்தான்க்கா எங்கிட்ட வருவாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ரப்பரைக் கழற்றி இரும்புத் துண்டுகளை வைத்தார்.

மறுநாள் காலை கார் குளிர்ஜுரம் கண்டதுபோல் ஆடியது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அப்பா ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"ரப்பரைக் கழட்டிட்டியா?"

"ஆமாம்."

"முன்னாடியே நல்லாத்தானே ஓடுச்சு."

"அப்புறம் ஏம்ப்பா எறங்கினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்கம்மா போனதுக்கப்புறம் ஊசியும் குழாயும் எதுக்குன்னு இருந்துச்சு. வண்டி ஒரு சாக்கு."

"இன்னைக்கு ஏன் ஏறினீங்க?"

"நல்லா இருந்த வண்டிய எனக்காகக் கெடுத்து வச்சிருக்கே. இதுக்கு மேல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்றது?"

ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை நிறுத்தினேன். வண்டியின் ஆட்டம் நின்றது. என் கைகள் நிற்கவில்லை. கழுத்து நனைந்த பிறகுதான் அழுவது எனக்கே தெரிந்தது.

அப்பா கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்தார்.

"ரப்பரைத் திரும்ப மாட்டச் சொல்லும்மா. வியாழக்கிழமை வரணுமில்ல."