ஒட்டுப்படத்தில் ஒரு ஆள் அதிகம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகம் உள்ளவர்களுக்காகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் ஆயத்தம். கற்பூரத்தை மட்டும் வாசகர் கொண்டுவர வேண்டும்.

கதை பிறந்தது ஒரு படத்தில். வெள்ளவத்தையில் நாகேந்திரம் வீட்டு விறாந்தைச் சுவரில் தொங்குகிற நீளப் படம். நான்கு முழம் என்றால் நம்பமாட்டீர்கள். மூன்றரை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக" [எல்லாக் கதையிலும் கடல் இப்படித்தான் நல்ல பிள்ளையாகத் தொடங்கும். வேண்டாம்.]

இரண்டாவது: "சண்டை நடந்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் கமராவைத் தூக்கினால்" [எனக்கே பயம் வந்துவிட்டது. நிற்கட்டும்.]

மூன்றாவது: "மூத்த மகன் நமசிவாயம் கனடாவிலிருந்து அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் கமரா அனுப்பியிருந்தான்." இது சரி. கமரா எந்த மாதம் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

2

நாகேந்திரம் காப்புறுதிக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மனிதனின் கையில் கமரா கிடைத்தால் வீடு என்ன பாடுபடும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. சாதாரணப் படம் அவருக்கு ஒரு கிழமையில் அலுத்துவிட்டது. நீளப் படத்தில் இறங்கினார்.

ஒரே இடத்தில் நின்று, இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பித் திரும்பி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தியதில் மூன்றிலொரு பங்கைக் கவ்வ வேண்டும். அந்தக் கவ்வலைப் பிடித்துக் கொம்பியூட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துவிடும். வெளிச்ச அளவை முதலிலேயே பூட்டிவிட வேண்டும். மறந்தால் வானம் இடுப்பில் கட்டுகிற சாரம் மாதிரிக் கோடு கோடாக விழும். நாகேந்திரம் மொட்டைமாடியில் சோக்கால் ஒரு வட்டம் கீறி, அதற்குள் நின்று சுழன்றார்.

"என்னப்பா, உரு வந்த ஆள் மாதிரிச் சுத்துறியள்?" என்றார் மனைவி கனகேஸ்வரி.*

இதில் ஒரு தொல்லை. எடுத்துக்கொண்டிருக்கும்போது அசைகிற எதுவும் தையலில் மாட்டும். கமராவோடு சேர்ந்தே பறந்த ஒரு காகம் படத்தில் எட்டுக் காகமாகியது. அடுத்த சனிக்கிழமை கனகேஸ்வரியின் தங்கை அன்னபாக்கியம் எதற்கும் இருக்கட்டும் என்று எட்டுப் பிடி சோறு வைத்தார். எட்டும் முடிந்திருந்தது. இன்னொரு நாள் கரையோர ரயில் சிக்கி, வெள்ளவத்தையில் தொடங்கித் தெகிவளை தாண்டியும் பெட்டி முடியவில்லை. (அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர் அதில் இருக்க இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்.)

* கனகேஸ்வரி சைவம். ஆனாலும் செவ்வாய் தவறாமல் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்வருவார். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அந்தோனியார். என்ன தொலைந்தது என்பது இந்தக் கதைக்கு வெளியே. நகர்வோம்.

3

ஒரு ஞாயிறு பின்னேரம். மொட்டைமாடியில் இடது ஓரம் பிளாஸ்டிக் கதிரையில் கனகேஸ்வரி. அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இளையவன் பூபாலசிங்கம். நடுவில் அன்னபாக்கியம், யாழ்ப்பாணத்திலிருந்து கண் காட்ட வந்து, சண்டையில் பாதை பூட்டியதால் இங்கேயே தங்கிவிட்டவர். வலது ஓரம் தண்ணீர்த் தாங்கியும் கடலும்.

நாகேந்திரம் சுழலத் தொடங்கினார். முதல் படம் விழுந்ததும் பூபாலசிங்கம் தாயின் கையை விட்டுவிட்டு, தகப்பனின் முதுகுப்பக்கமாக ஓடி, வலது ஓரம் தாங்கியடியில் போய் நின்றான். கமரா வந்துசேர்ந்தபோது பல் தெரியச் சிரித்தான்.

[இந்தப் பூபாலசிங்கம் எனக்குச் சரிவரவில்லை. வயது இருபத்துமூன்று. கொட்டாஞ்சேனையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறான் என்று எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று ஒளித்துச் சிகரெட் பிடிக்கவும் விட்டேன். என்ன கொடுத்தாலும் பையன் அசைகிறான் இல்லை. எந்த வரியில் வைத்தாலும் அதே சிரிப்பு.]

தைத்து முடிந்த படத்தில் இரண்டு பூபாலசிங்கம்.

"ஒண்டை அண்ணாட்டைக் கனடாவுக்கு அனுப்புங்கோ. மற்றது வீட்டில நிக்கட்டும்," என்றான்.

"வாயைக் கழுவு," என்றார் தாய். ஆனால் படத்தைப் பெரிதாக அடித்துச் சுவரில் மாட்டச் சொன்னவரும் அவர்தான்.

4

சோதனைக்கு வந்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை, வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறையாவது யாராவது கதவைத் தட்டி ஆட்களை எண்ணிய காலம். இந்தமுறை ஒரு சார்ஜன்ட். கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் மக்கீன், சிங்களம் பேசிக் கொடுக்க ஓடிவந்தார்.

"கெதர கீ தெனெக் இன்னவத?" வீட்டில் எத்தனை பேர் என்பது கேள்வி.

நாகேந்திரம் நாலு விரல் காட்டினார். நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சார்ஜன்ட் சுவரைப் பார்க்கும்வரை.

அவர் ஒழுங்கானவர். விரலை மடக்கி எண்ணினார். பெண்கள் இரண்டு. இடது பக்கம் ஒரு பையன். வலது பக்கம் ஒரு பையன். "ஃபோட்டோ எடுத்தது யார்?"

"நான்தான் சேர்."

"பஹய்!" ஐந்தாவது விரலும் மடங்கியது. நாலு பேர் உள்ள வீட்டில் ஐந்து பேர். "நிவுன்னு? இரட்டைப் பிள்ளையா? மற்றவன் எங்கே?"

நாகேந்திரம் சோக்கு வட்டத்திலிருந்து தொடங்கினார். மூன்றிலொரு பங்கு, கவ்வல், தையல். மக்கீன் அவர் தோளைப் பிடித்தார்.

"ஐயா, நீங்க சும்மா இரிங்க. பேசப் பேச ஆள் கூடுது." பிறகு சார்ஜன்ட்டிடம், "மே எக்கெனய் சேர், தென்னெக் நெவெய்." ஒருவன்தான், இரண்டு பேர் இல்லை.

சார்ஜன்ட் படத்துக்குக் கிட்டப் போனார். "இவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கிறான். ஒரே ஆள் எப்படி?"

நாகேந்திரம் மறுபடி சோக்கு வட்டத்துக்குப் போனார். மக்கீன் மறுபடி அவர் தோளைப் பிடித்தார்.

கடைசியில் சார்ஜன்ட் சொன்னதை மக்கீன் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "நாளைக்குக் காலையில பெரியவரோட வருவாராம். மெஷின் ஒண்ண ரெண்டாக்கும்னா, ரெண்ட ஒண்ணாக்கவும் ஏலும்தானேங்கிறார். படத்துல ஒரு ஆள் குறஞ்சிரிக்கணும் ஐயா. இல்லாட்டி மத்தவன் வாற வரைக்கும் தம்பிய ஏத்திட்டுப் போய் வெச்சிக்குவாங்களாம்."

5

நாகேந்திரம் கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தார். கனகேஸ்வரி கதிரையின் பின்னால் நின்றார். அழிப்பது பெரிய வேலை இல்லை. பக்கத்தில் உள்ள வானத்தில் கொஞ்சம் எடுத்துப் பூசினால் ஆள் போய்விடும்.

"இடப்பக்கத்தானை எடுப்பம். மற்றதில முகம் தெளிவு."

"அதில என்ர கை அவன்ர கையைப் பிடிச்சிருக்கு. அவனை எடுத்தா என்ர கை எதைப் பிடிக்கிறது?"

"அப்ப வலப்பக்கத்தானை."

கனகேஸ்வரி திரைக்குக் கிட்டக் குனிந்தார். "சிரிக்கிற பிள்ளையை எடுப்பியளே?"

வாசலில் நின்ற பூபாலசிங்கம், "அப்பா, என்னைக் கேட்டியள் எண்டா" என்றான்.

[அவனைக் கேட்டு எழுதிப் பார்த்தேன். பலமுறை. அந்த வரி அதற்குமேல் போகவில்லை.]

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: காலையில் சார்ஜன்ட் தனியாக வருகிறார். நாகேந்திரம் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், தன் முதுகுக்குப் பின்னால் ஓடச் சொல்கிறார். இரண்டு சார்ஜன்ட். அவர் சிரித்து, தேத்தண்ணி குடித்து, ஒரு பிரதியும் வாங்கிக்கொண்டு போகிறார். வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஒன்று மட்டும் இடிக்கிறது: அந்த வயிற்றோடு அவர் ஓடமாட்டார்.

இரண்டு: காலையில் வந்தது சார்ஜன்ட் இல்லை. கேற்றடியில் ஒரு வேன் வந்து நிற்கிறது. அதன் கதவு

[இதை நான் எழுதப்போவதில்லை.]

மூன்று: நான் எழுந்துவிடுகிறேன். கதிரையில் நீங்கள் இருங்கள். மவுஸ் உங்கள் கையில். இடது ஓரத்தில் தாயின் கையைப் பிடித்த பிள்ளை, வலது ஓரத்தில் சிரிக்கிற பிள்ளை. பின்னால் கனகேஸ்வரி நிற்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அவசரம் இல்லை, விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

7

கமரா வந்த மாதத்தைப் பிறகு பார்ப்போம் என்றேன். பூபாலசிங்கத்தை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஏழு மாதம் கழித்துத்தான் அந்தக் கமரா வெள்ளவத்தைக்கு வந்துசேர்ந்தது.