ஐந்தாவது மரத்து மான்

போன வருஷம் திருச்சியில் நடந்த வில்வித்தைப் போட்டியில் நான் விட்ட அம்பு, எதிரே நின்ற பொம்மைப் பன்றியை விட்டுவிட்டுப் பக்கத்துப் புளியமரத்தில் போய்க் குத்தியது. கழுத்தில் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வார் நாணில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊர் ஆண்டிமடத்தில் வாரைப் பற்றி யாருக்கு அக்கறை? அன்றிலிருந்து நான் 'புளியமரம் சிந்தாமணி'. பால்காரர்கூட அந்தப் பெயர் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்டாராம்.

எங்கள் ஆட்டத்தில் உயிருள்ள எதையும் அடிப்பதில்லை. மான், பன்றி, கரடி என்று நுரை ரப்பரில் செய்த பொம்மைகளை மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருப்பார்கள். தூரம் சொல்ல மாட்டார்கள். பைனாகுலரில் பார்த்து, தூரம் காட்டும் கருவியில் அளந்து, வில்லின் குறியை அதற்கேற்றபடி வைத்து, ஒரே ஒரு அம்பு. நெஞ்சின் நடு வட்டத்தில் பட்டால் பதினொரு புள்ளி, தள்ளிப் போகப் போகப் பத்து, எட்டு, ஐந்து, பொம்மையிலேயே படாவிட்டால் முட்டை.

இந்த மார்கழியில் போட்டி எங்கள் பக்கத்து முந்திரிக்காட்டிலேயே நடந்தது. ஆண், பெண் என்று பிரிக்காமல், முதலில் வரும் ஒருவருக்குத்தான் மாநில அணியில் இடம். எனக்கு அந்த இடமும் வேண்டும், அந்தப் பட்டப்பெயர் ஒழியவும் வேண்டும். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், சத்தியமாகப் பெயர்தான்.

அதனால் இந்த முறை கழுத்தில் எதையும் தொங்கவிடவில்லை. முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது பழைய சேலைத் துணியில் மடி கட்டுவோமே, அதையே இடுப்பில் கட்டாமல் நெஞ்சுக்கு ஏற்றி, நாண் படாதபடி வலப்பக்கம் ஒதுக்கி, முதுகில் முடிச்சுப் போட்டேன். பைனாகுலரும் கருவியும் உள்ளே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டன.

என் கணவர் அறிவரசன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போட்டிக்குப் போறியா, கொட்டை பொறுக்கப் போறியா?"

"வாயை மூடிக்கிட்டுத் தண்ணி பாட்டில எடுங்க," என்றேன்.

பெரம்பலூரில் ஜிம் வைத்திருக்கும் கோகுலகிருஷ்ணன்தான் எனக்குப் போட்டி. பெல்ட், பை, கொக்கி என்று உடம்பு முழுக்க மாட்டிக்கொண்டு வந்திருந்தான். "என்னக்கா, மடியில என்ன? புளியங்காயா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கடைசிப் பொம்மைக்கு வரும்போது அவன் என்னைவிட ஆறு புள்ளி முன்னால் இருந்தான். முந்திரி வரிசையின் அந்தக் கோடியில், ஒரு மரத்தை ஒட்டி மான் நின்றது. முதலில் அவன் அளந்தான், குறி வைத்தான், விட்டான். அம்பு மானுக்கு முன்னால் காலடி மண்ணில் குத்தியது. முட்டை!

"மெஷின் இருபத்திநாலுதான் காட்டுச்சு! வேணும்னா நீங்களே பாருங்க!" என்று நடுவரிடம் கத்தினான்.

என் முறை. எட்டுப் புள்ளி எடுத்தால் போதும். கருவியை எடுத்து அழுத்தினேன். எனக்கும் இருபத்திநாலு! இரண்டு கருவியும் ஒன்றாகவா பொய் சொல்லும்?

பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். மானின் நெஞ்சுக்கு நேரே, பாதி வழியைத் தாண்டி, தரையோடு படர்ந்த ஒரு கொப்பிலிருந்து புதுத் துளிர் எழும்பி நின்றது. கருவி அளந்தது மானை அல்ல, அந்தத் துளிரை. மார்கழியில் முந்திரி துளிர்க்கும் என்பது ஜிம்காரனுக்கு எப்படித் தெரியும்?

சரி, மான் எவ்வளவு தூரம்? எங்கள் பக்கம் மரத்துக்கு மரம் ஏழு மீட்டர் விட்டுத்தான் நடுவோம். கயிறு பிடித்துக் குழி வெட்டிய கை இது. நான் நின்றதும் ஒரு மரத்தடிதான். அதை விட்டுவிட்டு எண்ணினேன். மான் நின்றது நாலாவது மரம். இருபத்தெட்டு. குறியைத் திருப்பப் போனேன்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் அதிகமாக விழுந்தது. மறுபடி பைனாகுலரை வைத்தேன். புல்லுக்குள் கறுத்துப்போன ஒரு அடிக்கட்டை. பல வருஷம் முன்னால் அடித்த 'தானே' புயலில் சாய்ந்த மரமாக இருக்கும். அதையும் சேர்த்தால் அஞ்சு மரம், முப்பத்தைந்து மீட்டர்!

"நேரம் ஆகுதும்மா," என்றார் நடுவர்.

இரண்டையும் மடியில் போட்டேன். குறியை முப்பத்தைந்தில் வைத்து நாணை இழுத்தேன். நெஞ்சில் எதுவும் ஆடவில்லை. விட்டேன். அம்பு துளிருக்கு மேலே எழும்பிப் போய் மானின் நெஞ்சில் 'டப்'பென்று இறங்கியது.

நடுவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "பதினொண்ணு!"

அறிவரசன் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு விசிலடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோகுலகிருஷ்ணன் வந்து கை கொடுத்தான். மனசு கெட்டவன் இல்லை.

"எப்படிக்கா அளந்தீங்க?"

"மரத்தை எண்ணுனேன்டா. இனிமே கூப்புடணும்னா முந்திரிமரம்னு கூப்புடு!"