எழவுப் பாட்டு

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் செங்கொடியால் உட்காரவே முடியவில்லை. அவ்வளவு கோபம். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஜீப் அனுப்பி, காத்திவாக்கத்தில் அவர்கள் வாசித்துப் பழகும் பழைய ஐஸ் ஷெட்டுக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்து, கிட்டார் ஆம்ப்ளிஃபயரை மீன்கூடை மாதிரி தூக்கி வந்துவிட்டார்கள். அவர்களுடையது மூன்று பேர் கொண்ட இசைக்குழு. செங்கொடி கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவாள். டிரம்ஸ், ராயபுரத்து ஜெரி. பேஸ் கிட்டார், ஷம்ஷாத். அதிகம் பேசாதவள்.

"கத்தாத செங்கொடி. கத்துனா பொருள் வராது" என்று ஜெரி காதோடு சொன்னான்.

சப்-இன்ஸ்பெக்டர் அருள்பிரகாசம் டீயை உறிஞ்சினார். "என்னம்மா பாட்டு அது? இந்தப் பக்கத்துப் பசங்கன்னா குத்துப் பாட்டு, கானான்னு ஆட வெப்பீங்க. இது எழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு. எங்கேர்ந்து புடிச்சீங்க இத?"

"டூம் மெட்டல் சார்" என்றாள் செங்கொடி. "இங்கிலாந்துல ஒரு இரும்புப் பட்டறை ஊரு. அம்பது வருசத்துக்கு மேல ஆவுது. ஃபேக்டரிக்குப் போற வூட்டுப் பசங்க. உலகமே பூவு, காதல்னு பாடிக்கினு இருந்தப்போ அவங்க காதுல வியுந்தது சம்மட்டி சத்தம்தான். அத்தயே பாட்டாக்குனாங்க. பின்னாடி வந்தவங்க இன்னும் மெதுவாக்கி, கடைசீல பொணத்துக்குப் பின்னாடி நடக்குற வேகத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. தந்திய தளத்தி வுட்டு வாசிப்போம். ஒரு அடி அடிச்சா, அது அடங்குற வரிக்கும் அடுத்த அடி கெடையாது. எண்ணூருக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறீங்க. இவ்ளோ லேட்டா ஏன் வந்துச்சுன்னு கேளுங்க."

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். அந்நேரம் பார்த்துப் பக்கத்து ஆலை ஒன்றில் நீராவியைத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தியபடியே காத்திருந்தார். எல்லாருக்கும் பழகிப்போனதுதான். இரைச்சல் அடங்கியதும் அவர் விட்ட இடத்தில் தொடங்கினார்:

"ஆங், சத்தம். சத்தம் தாங்கலன்னு கம்ப்ளெயிண்ட்."

"இப்ப கேட்டதுக்குப் பேரு இன்னா சார்?"

ஜெரி அவள் காலை மிதித்தான்.

சாயங்காலம் வரை உட்காரவைத்து, இனி சத்தம் வந்தால் உள்ளே தள்ளுவேன் என்று எச்சரித்துப் பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது, யார் புகார் கொடுத்தது என்று செங்கொடி கேட்டாள்.

"உங்க தெருவுலதான். அங்கம்மான்னு ஒரு பொம்பள."

அங்கம்மாவின் மகன் விமல் செங்கொடியோடு பள்ளியில் படித்தவன். போன வருடம் குமாரவேல் என்ற காண்ட்ராக்டரிடம் வேலைக்குப் போய், கழிவுத் தொட்டி கழுவ இறங்கி, விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தான். அவனுக்காகத்தான் அந்தப் பாட்டே கட்டினாள். அவன் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிடும் பாட்டு. இணையத்தில் அதைக் கேட்ட ஃபின்லாந்துக்காரன் ஒருவன் அழுதேன் என்று எழுதியிருந்தான்.

நேராக அங்கம்மா வீட்டுக்குப் போனாள். அவள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா அத்தே எங்க மேல கம்ப்ளெயிண்ட் குடுத்த?"

"ஆமா, நாந்தான். இன்னான்ற இப்ப?"

"உன் புள்ளைக்காகத்தானே பாடறோம்!"

"என்னாண்ட கேட்டியா?" அங்கம்மா இறாலைக் கூடையில் எறிந்தாள். "ஞாயித்துக்கெயம ஆனா விமலு, விமலுன்னு கூப்புடற. சோத்துல கைய வெச்சா கூப்புடற. நான் திரும்பிப் பாக்குறேன்டி. ஒவ்வொரு தபாவும் திரும்பிப் பாக்குறேன்."

அங்கம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் செத்தப்போ அதே டேசனுக்கு நடையா நடந்தேன். மூஞ்சில மாட்டறது கூட குடுக்காம எறக்குனான், குமாரவேலு மேல எயுதிக்கோ சாருன்னேன். எயுதிக்கல. உன் பாட்டு சத்தம் தாங்கலன்னேன், நான் வூடு வந்து சேர்றதுக்குள்ள ஜீப்பு போவுது. இன்னா நாயம்டி இது?" அவள் குரல் உடையவில்லை. ஏறியது. "நீயும் லேசுப்பட்டவ இல்ல. உன் பாட்டுல கரி கீது, இருட்டு கீது, செத்தவன் பேரு கீது. சாவடிச்சவன் பேரு எங்க? இருட்டா என் புள்ளைய தொட்டில எறக்குச்சு?"

திரும்பி நடக்கையில் செங்கொடியின் காது மடல் எரிந்தது. போலீஸ் மேல் வந்த கோபம் இப்போது தன் மேலேயே திரும்பியிருந்தது. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாமலா இருந்தது? ஊருக்கே தெரியும். பயம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஷெட்டில் விஷயத்தைச் சொல்லி, பாட்டில் குமாரவேல் பெயரையும் சேர்க்கலாம் என்றாள். ஜெரி குச்சிகளைக் கீழே வைத்தான். "எங்க மச்சான் குமாரவேலாண்டதான் லாரி ஓட்டறான். என்னால முடியாது."

ஷம்ஷாத் தலை நிமிர்த்தினாள். "அப்போ விமல் பேரையும் பாடக்கூடாது ஜெரி. ரெண்டு பேரு பேரும் இருக்கணும். இல்லன்னா ரெண்டும் வேணாம்."

ஜெரி எழுந்து போனான். பிறகு அவன் வரவில்லை.

செங்கொடி அங்கம்மாவிடம் போய் அனுமதி கேட்டாள். "பாடு. ஆனா என் கண்ணு முன்னாடி பாடு" என்றாள் அவள். வலை பின்னும் கொட்டகையில், சாயங்கால வெயிலில், தெருக்காரர்கள் முன்னால், டிரம்ஸ் இல்லாமல் இரண்டு பெண்களும் வாசித்தார்கள். முதல் அடி விழுந்து, அது முனகி அடங்கும்வரை அடுத்தது வரவில்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "இன்னா மாமு, பேட்டரி வீக்கா?" கூட்டம் சிரித்தது. விமல் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. அப்புறம் தொட்டி வந்தது. அப்புறம், நான்கு அடிக்கு நீண்டு, குமாரவேல் என்ற பெயர்.

"சத்தமா!" என்றாள் முன்வரிசையில் அங்கம்மா.

செங்கொடி தொண்டை கிழிய மறுபடி பாடினாள்.

அடுத்த நாளே ஜீப் வந்தது. தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று குமாரவேல் புகார் கொடுத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனது. இந்த முறை அங்கம்மாவும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பாட்டுல என்ன வருதோ அத அப்படியே சொல்லும்மா" என்றார் அருள்பிரகாசம். செங்கொடி வரிவரியாகச் சொல்ல, ரைட்டர் எழுதினார். தொட்டி வந்த வரியில் அங்கம்மா எழுந்தாள்.

"மூஞ்சில மாட்டறது குடுக்கல. அத்தயும் எயுது."

"இது அவர் குடுத்த கம்ப்ளெயிண்ட்மா. உன்னோடது இல்ல."

"எவன் குடுத்தா இன்னா? என் புள்ள எப்டி செத்தான்னு இன்னிக்குத்தான் இந்த டேசன்ல எயுதறீங்க. ஒயுங்கா எயுதுங்க."

ரைட்டர் மேலதிகாரியைப் பார்த்தார். அருள்பிரகாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேனா நகர்ந்தது.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. முதல் வாய்தாவில் குமாரவேலின் வக்கீல் அந்தப் பாட்டைப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. கடகடவென்று மூச்சு விடாமல் படித்தார்.

"இன்னா அவசரம்?" கடைசி பெஞ்சிலிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது. "மெதுவா படிக்கச் சொல்லுங்க சார்."

டவாலி அவளை அதட்டினான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு வக்கீலிடம், "முதல்ல இருந்து படிங்க. நிறுத்தி நிதானமா" என்றார்.