மாதத்தில் ஒரு ஞாயிறு

மனைவி ஆர்டித்தின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று லைல் கை குலுக்கிக்கொண்டிருந்தார். அயோவாவின் அந்தச் சின்ன ஊரே வரிசையில் வந்தது. ஆளுக்கு ஒரு குலுக்கு, ஒரு வார்த்தை, அப்புறம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாண்ட்விச்சும் காப்பியும். குடும்பம் பெட்டியோரம் நிற்கும், ஊர் கடந்துபோகும். அதுதான் முறை.

"வாசலையே பாக்காதீங்க மச்சான். அவ வரமாட்டா," என்றான் ஆர்டித்தின் தம்பி டுவேன்.

"யாரு பாத்தா?"

"கோர்ட்டுக்கு இழுத்துட்டு, இப்ப வழிமேல கண்ணு வச்சா ஆச்சா?"

மகன் செத்த பிறகும் மருமகள் ஷெல்லி மாதத்தில் ஒரு ஞாயிறு பேத்தி மேசியை அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். லைலுக்கு அது போதவில்லை. வம்பை விலைக்கு வாங்காதீங்க என்று ஆர்டித் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! வழக்குப் போட்டார். நல்லபடியாக வளர்க்கிற தாய், பிள்ளையை யாரிடம் விடுவது என்பது அவள் முடிவு, தாத்தா பாட்டிக்காக அதில் தலையிடச் சட்டம் இடம் தராது என்றார் நீதிபதி. இருந்த ஞாயிறும் போயிற்று. அதற்குப் பிறகு ஆர்டித் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் அவரை இன்றுவரை அரித்தது.

ஷெல்லி வந்தாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மகளை மட்டும் வரிசைக்கு அனுப்பினாள். மேசி வளர்ந்துவிட்டாள். செத்துப்போன மகனின் அதே நெற்றி.

"உங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள் சார்," என்று கையை நீட்டினாள். வீட்டில் சொல்லிக்கொடுத்தது.

அள்ளி அணைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. ஷெல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை பேராசைப்பட லைலுக்குத் தைரியம் வரவில்லை.

"வந்தியே கண்ணு, அது போதும்," என்று கையை விட்டார்.

சிறுமி பெட்டிக்குள் எட்டிப் பாட்டியைப் பார்த்தாள். பிறகு நகர்ந்தாள். தாயிடம் போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் நேரே போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றுகொண்டாள்.

ஷெல்லி எழுந்தாள். கொஞ்சம் நின்றாள். திரும்ப உட்கார்ந்து கைப்பையில் எதையோ துழாவ ஆரம்பித்தாள்.

வரிசையில் அடுத்து வந்த இரும்புக்கடைக்காரர் ஆர்டித்தைப் பற்றி ஏதோ பழைய கதையை எடுத்தார்.

"அப்புறம் பேசலாம்ப்பா," என்று லைல் அவர் கையைச் சட்டென்று குலுக்கி, தோளைப் பிடித்து மெல்ல நகர்த்திவிட்டார்.